நூலகத்துப் பொதுக் கணினிகளைப் பூட்டிவைப்பதும் பழைய நிலைக்குத் திருப்புவதும் எப்படி?

பாறைக்கால் வாசகன் (கேள்வி)

வணக்கம். பாலக்காடு மாவட்டத்தில் கொழிஞ்சாம்பாறையை அடுத்த ஒரு கிராமத்து நூலகத்தின் கணினி அறையைக் கவனித்து வருகிறேன். சித்தூர் வட்டம் என்று மட்டும் எழுதினால் பலரும் ஆந்திரத்துச் சித்தூர் என்று எடுத்துக்கொள்வதால் மாவட்டத்தையும் சேர்த்தே குறிப்பிடுகிறேன்.

எங்களிடம் ஆறு கணினிகள் இருக்கின்றன. எல்லாவற்றிலும் விண்டோஸ் 10 ப்ரோ, 4 ஜிபி ரேம், 500 ஜிபி ஹார்ட் டிஸ்க். கேரள பிஎஸ்சி தேர்வுக்கு விண்ணப்பிக்க வரும் பட்டதாரிகள், பொள்ளாச்சியிலும் கோவையிலும் படித்துக்கொண்டு விடுமுறையில் ப்ராஜெக்ட் தட்டச்சு செய்ய வரும் மாணவர்கள், பிஎஃப் கணக்கைப் பார்க்க வரும் மில் தொழிலாளர்கள், மாலையில் விளையாட வரும் பள்ளிப் பிள்ளைகள் என்று எல்லோரும் ஒரே பயனர் கணக்கில்தான் வேலை செய்கிறார்கள். அதுவும் அட்மின் கணக்கு. இன்று காலை ஒரு கணினியின் டவுன்லோட்ஸ் ஃபோல்டரைத் திறந்தபோது 'ஆதார் முன்பக்கம்', 'ஆதார் பின்பக்கம்', 'ரேஷன் கார்டு புதியது 2' என்ற பெயர்களில் யார் யாருடைய ஸ்கேன் படங்களோ கிடந்தன. குரோமைத் திறந்தால் முன்பின் தெரியாத ஒருவரின் ஜிமெயில் அப்படியே திறக்கிறது. பென் டிரைவில் இருக்கும் ஃபோல்டர்கள் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறிவிடும் தொல்லை வேறு.

மறுநாள் காலையில் கணினியைத் திறக்கும்போது முந்தைய நாளின் சுவடு எதுவும் இல்லாமல், நாங்கள் அமைத்துவைத்த நிலைக்கே அது திரும்பியிருக்க வேண்டும். தமிழ் 99, மலையாளம் இன்ஸ்கிரிப்ட் ஆகிய இரண்டு விசைப்பலகைகளும் எல்லோருக்கும் கிடைக்க வேண்டும். டீப் ஃப்ரீஸ் என்ற மென்பொருளைப் போட்டுவிட்டால் போதும் என்று ஒருவர் சொன்னார். அது மட்டும் போதுமா, அல்லது வேறு ஏதாவது செய்ய வேண்டுமா என்பதை அனுபவம் உள்ளவர்கள் தெரிவித்தால் உதவியாக இருக்கும்.

நகரி நெசவுத்தெரு

ஐயா, ஆந்திர எல்லையில் நகரியில் இணைய மையம் நடத்துகிறேன். எக்ஸ்பி காலத்திலிருந்தே இதே தொழில்தான். அப்போது மைக்ரோசாஃப்டே ஸ்டெடிஸ்டேட் என்ற ஒன்றை இலவசமாகக் கொடுத்தது. பயனருக்கு எதைக் காட்டுவது, எதை மறைப்பது என்பதையும் அதிலேயே தீர்மானிக்கலாம். மறுதொடக்கத்தில் வட்டை முழுவதுமாகப் பழைய நிலைக்குத் திருப்பவும் செய்யலாம். எக்ஸ்பிக்கும் விஸ்டாவுக்கும் மட்டுமே அது வந்தது. விண்டோஸ் 7-க்கு வராமலேயே 2010-ஆம் ஆண்டு இறுதியில் விநியோகத்தை நிறுத்திவிட்டார்கள். இன்றும் சில பழைய யூடியூப் காணொளிகள் அதைப் பரிந்துரைக்கின்றன. அவற்றை நம்பித் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம்.

டீப் ஃப்ரீஸ் வேலை செய்யும் விதம் எளிமையானது. கணினி உறைந்த நிலையில் இருக்கும்போது, பயனர் எழுதுவது, அழிப்பது, நிறுவுவது அனைத்தும் அசல் கோப்புகளைத் தொடாமல் வட்டின் வேறோர் இடத்துக்குத் திருப்பிவிடப்படும். மறுதொடக்கத்தில் அந்தத் திருப்பல் கணக்கு கைவிடப்படுவதால் பழைய நிலை மட்டுமே எஞ்சும். நிரந்தரமாக ஏதாவது மாற்ற வேண்டுமானால் கடவுச்சொல் கொடுத்து இளகிய நிலைக்குக் கொண்டுவந்து, மாற்றி, மீண்டும் உறையவைக்க வேண்டும். இது விலை கொடுத்து வாங்கும் மென்பொருள். ஆறு கணினிகளுக்கு உரிமம் வாங்க நூலகக் குழு பணம் ஒதுக்குமா என்பதை நீங்கள்தான் பார்க்க வேண்டும்.

இரண்டு விஷயங்களை மட்டும் மறந்துவிடாதீர்கள். சி டிரைவை மட்டும் உறையவைத்துவிட்டு, வேலையைச் சேமித்துக்கொள்ள ஒரு சிறிய பகுதியைத் திறந்து வையுங்கள். இல்லையென்றால் பிற்பகலில் மின்சாரம் போனவுடன் ப்ராஜெக்ட் போன பிள்ளை உங்களிடம்தான் வந்து அழும். அடுத்தது விண்டோஸ் அப்டேட். உறைந்திருக்கும் கணினி அப்டேட்டைப் பதிவிறக்கும், மறுதொடக்கத்தில் இழக்கும், பிறகு அதே அப்டேட்டை மறுபடியும் பதிவிறக்கும். பிராட்பேண்ட் அளவு எங்கே போகிறது என்று தெரியாமல் பலரும் திண்டாடுவது இதனால்தான். வாரத்தில் ஓர் இரவு தானாக இளகி, அப்டேட்டை முடித்துக்கொண்டு, மீண்டும் உறையும்படி அதில் நேரம் குறிக்க முடியும். அதைக் கட்டாயம் செய்துவிடுங்கள்.

பெரியாற்றங்கரை

நகரி அண்ணன் சொன்னவற்றில் தவறு ஏதும் இல்லை. ஆனால் கேள்வி கேட்டவரின் பிரச்சினையில் பாதியைத்தான் அது தீர்க்கும் என்பது என் கருத்து. நான் வண்டிப்பெரியாறு பகுதியில் சில நூலகங்களுக்கும் ஒரு தொழிற்சங்க அலுவலகத்துக்கும் கணினிப் பராமரிப்பு செய்து வருகிறேன்.

உறையவைக்கும் மென்பொருள் கணினியைக் காப்பாற்றுகிறதே தவிர, கணினியில் உட்காரும் ஆளைக் காப்பாற்றுவதில்லை. காலை பத்து மணிக்கு ஒருவர் கொண்டுவந்த பென் டிரைவிலிருந்து, தட்டச்சைக் களவாடும் நிரல் ஒன்று ஏறிவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். மாலை ஆறு மணிக்குக் கணினியை நிறுத்தும்வரை அது அங்கேயே இருந்து, இடையில் வந்த அத்தனை பேரின் பிஎஃப் கடவுச்சொல்லையும் வங்கிக் கடவுச்சொல்லையும் அனுப்பிக்கொண்டிருக்கும்; மறுநாள் காலையில் கணினி மட்டும் சுத்தமாக இருக்கும். திறந்து கிடந்த ஜிமெயிலும் அப்படித்தான். ஒருவர் எழுந்து அடுத்தவர் உட்காரும் இடைவெளியில் யாரும் மறுதொடக்கம் செய்யாவிட்டால், உறைநிலை இருந்தும் பயனில்லை. ஷார்ட்கட் வைரஸும் மாலை வரை அடுத்தடுத்துச் செருகப்படும் பென் டிரைவ்களில் எல்லாம் ஒட்டிக்கொண்டே இருக்கும். ஆகவே நாள் முடிவில் திரும்பும் நிலையைவிட, ஆள் மாறும்போது திரும்பும் நிலைதான் உங்களுக்கு முக்கியம்.

இதற்குப் பெரிய தடை உங்கள் ஹார்ட் டிஸ்க். பழைய ஹார்ட் டிஸ்க்கில் விண்டோஸ் 10 எழுந்து நின்று உலாவி திறப்பதற்குள் வரிசையில் நிற்பவர் பொறுமை இழந்துவிடுவார் என்பதால், மறுதொடக்கம் செய்யுங்கள் என்று நீங்கள் எழுதி ஒட்டினாலும் யாரும் செய்யமாட்டார்கள். மென்பொருள் உரிமத்துக்குச் செலவிடும் பணத்தில் முதலில் ஆறு எஸ்எஸ்டி (ஹார்ட் டிஸ்க்கைவிட வேகமான சேமிப்பு வட்டு) வாங்குங்கள் என்பதுதான் என் பரிந்துரை. மறுதொடக்கம் ஒரு நிமிடத்துக்குள் முடிந்தால் அது பழக்கமாகிவிடும். கூடவே விண்டோஸை விரைவாகத் துவக்கும் ஃபாஸ்ட் ஸ்டார்ட்டப் வசதியையும் அணைத்துவிடுங்கள். அது இயங்கும்போது ஷட் டவுன் செய்வது முழுமையான நிறுத்தம் ஆகாது. ரீஸ்டார்ட் மட்டுமே முழுமையானது.

இனி வேலைகளின் வரிசைக்கு வருகிறேன். அழுக்கான கணினியை உறையவைத்தால் அழுக்கும் சேர்ந்தே உறைந்துவிடும் என்பதால் உறைநிலை கடைசியில்தான் வர வேண்டும். புதிதாக விண்டோஸ் நிறுவி, அப்டேட்டுகளை முடித்து, உங்களுக்கு மட்டும் ஓர் அட்மின் கணக்கும் பொதுமக்களுக்கு அதிகாரம் குறைந்த சாதாரணக் கணக்கும் ஏற்படுத்துங்கள். விண்டோஸுக்கு முன்பே இயங்கும் அடிப்படை அமைப்பான பயாஸில் கடவுச்சொல் போட்டு, பென் டிரைவிலிருந்து கணினி துவங்குவதைத் தடுத்துவிடுங்கள்; இல்லாவிட்டால் விவரம் தெரிந்த ஒரு பையன் உங்கள் ஏற்பாடு அனைத்தையும் சுற்றிக்கொண்டு போய்விடுவான். குரோமில் கடவுச்சொல்லைச் சேமிக்கும் வசதியை நீக்கி, உலாவியை மூடியதும் குக்கியும் வரலாறும் அழியும்படி குரூப் பாலிசி என்ற கொள்கை அமைப்பில் குறித்துவிடுங்கள். டவுன்லோட்ஸ், டெஸ்க்டாப், பென் டிரைவ் ஆகிய இடங்களிலிருந்து எந்த நிரலும் இயங்கக் கூடாது என்று ஒரு விதி போட்டால் ஷார்ட்கட் தொல்லை பெருமளவு அடங்கும். அந்த வைரஸ் ஏறிய பென் டிரைவில் ஃபோல்டர்கள் பெரும்பாலும் அழிந்திருக்காது, மறைக்கப்பட்டுத்தான் இருக்கும். ஆகவே பதறிப்போய் ஃபார்மட் செய்ய வேண்டாம் என்று வருபவர்களிடம் சொல்லுங்கள்.

விசைப்பலகை விஷயத்தில் பலரும் தடுமாறுவார்கள். விண்டோஸில் உள்ளீட்டு மொழி என்பது ஒவ்வொரு பயனர் கணக்குக்கும் தனித்தனி. உங்கள் அட்மின் கணக்கில் தமிழ் 99-ஐயும் மலையாளத்தையும் சேர்த்துவிட்டால் புதிதாக உருவாகும் கணக்குகளில் அவை தாமாக வந்துவிடாது. கண்ட்ரோல் பேனலில் ரீஜன் பகுதிக்குப் போய், அட்மினிஸ்ட்ரேட்டிவ் தாளில், இந்த அமைப்பை வரவேற்புத் திரைக்கும் புதிய பயனர்களுக்கும் நகலெடு என்ற தெரிவைக் குறித்தால்தான் வரும்.

மைக்ரோசாஃப்டின் சொந்த ஏற்பாடுகளில், வட்டில் எழுதப்படுபவற்றை வேறிடத்துக்குத் திருப்பிவிடும் யூனிஃபைடு ரைட் ஃபில்டர் சிறந்தது. ஆனால் அது என்டர்பிரைஸ், எஜுகேஷன், ஐஓடி என்டர்பிரைஸ் பதிப்புகளில் மட்டுமே உண்டு; உங்கள் ப்ரோவில் கிடையாது. அது கிடைத்தாலும் 4 ஜிபி ரேம் உள்ள கணினியில் யோசித்தே பயன்படுத்த வேண்டும், ஏனெனில் மாற்றங்களை அது இயல்பாக ரேமில்தான் தேக்குகிறது. ஒதுக்கிய 1024 எம்பி நிரம்பிவிட்டால் எழுதும் வேலைகள் தோற்று, கணினி தடுமாறத் தொடங்கும். ப்ரோவில் இயங்குவது ஷேர்டு பிசி என்ற முறை. அதில் உள்நுழைவுத் திரையில் விருந்தினருக்கென்று ஒரு பொத்தான் வரும். அவர் வெளியேறியதும் அந்தக் கணக்கும் அதில் சேர்ந்த கோப்புகளும் தாமாக நீங்கிவிடும். ஆதார் படங்கள் கிடந்ததாகச் சொன்னீர்களே, அதற்கு நேரான மருந்து இதுதான்.

மறையூர் டீச்சர்

மேலே சொன்னவை எல்லாம் விண்டோஸை விட மனமில்லாதவர்களுக்கான வழிகள். விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடிந்துவிட்டது. 4 ஜிபி ரேம் கொண்ட பழைய கணினிகள் பெரும்பாலும் விண்டோஸ் 11 கேட்கும் செயலி வரம்பையும் டிபிஎம் 2.0 என்ற பாதுகாப்புச் சில்லு வரம்பையும் தாண்டுவதில்லை. அப்படியானால் வழக்கமான பாதுகாப்புத் திருத்தங்கள் நின்றுபோன ஓர் இயங்குதளத்தை இவ்வளவு பாடுபட்டுப் பூட்டிவைப்பது எதற்கு?

நான் தமிழ் வழிப் பள்ளியில் பாடம் நடத்துபவள். கேரளத்தில் ஐடி அட் ஸ்கூல் என்ற அரசுத் திட்டத்தின் காலத்திலிருந்தே பள்ளிக் கணினிகளில் கட்டற்ற மென்பொருள்தான். 2017-இல் அது கைட் நிறுவனமாக மாறிய பிறகும் உபுண்டுவை அடிப்படையாகக் கொண்ட கைட் குனு/லினக்ஸ்தான் தொடர்கிறது. பத்தாம் வகுப்பு ஐடி செய்முறைத் தேர்வையே எங்கள் பிள்ளைகள் அதில்தான் எழுதுகிறார்கள். எனவே மக்களுக்கு லினக்ஸ் பழக்கமில்லை என்ற பேச்சு நம் பக்கத்துக்குப் பொருந்தாது. கொழிஞ்சாம்பாறையில் உங்கள் நூலகத்துக்கு வரும் பள்ளிப் பிள்ளைகள் உங்களுக்கே சொல்லித்தருவார்கள்.

பழைய உபுண்டுவில் விருந்தினர் அமர்வு என்ற வசதி இருந்தது. அதில் கண்டறியப்பட்ட ஒரு பாதுகாப்புக் குறையால் 2017-இல் அதை முடக்கிவிட்டார்கள். இப்போது உபுண்டுவில் ஓவர்லேரூட் என்ற தொகுப்பை நிறுவி, அதன் அமைவுக் கோப்பில் ஒரு வரியை மாற்றினால் போதும். அசல் வட்டு படிக்க மட்டும் என்ற நிலைக்குப் போய்விடும். புதிதாக எழுதப்படுபவை ரேமில் தங்கி, நிறுத்தும்போது மறைந்துவிடும். இதற்கு உரிமக் கட்டணம் இல்லை. ஆனால் கணினி துவங்கும்போது வரும் கிரப் பட்டியலில் ஒரு சொல்லைச் சேர்த்தே இந்தப் பாதுகாப்பை ஒருவர் அணைத்துவிட முடியும் என்பதால், கிரப்புக்கும் கடவுச்சொல் போட வேண்டும். பலரும் இதை விட்டுவிடுகிறார்கள்.

நகரி நெசவுத்தெரு

டீச்சர் சொல்வது நூலகத்துக்குச் சரி. எங்களைப் போன்ற மையங்களுக்கு அது ஒத்துவராது. ஆதாரோடு இணைந்த விரல்ரேகைக் கருவிக்கும் டிஜிட்டல் கையொப்ப டோக்கனுக்கும் உரிய மென்பொருள் பெரும்பாலும் விண்டோஸை நம்பியே எழுதப்பட்டிருக்கிறது. சான்றிதழ் விண்ணப்பத்துக்கு வரும் வாடிக்கையாளரைக் காத்திருக்கச் சொல்லிவிட்டு நான் லினக்ஸில் டிரைவர் தேடிக்கொண்டிருக்க முடியாது. பிரின்டரையும் முன்கூட்டியே சோதித்துக்கொள்ளுங்கள், ஐயா. நூலகத்துக்கு வருபவர்களில் பெரும்பாலோருக்குக் கடைசியில் வேண்டியது ஒரு பிரின்ட் அவுட்தான்.

பாறைக்கால் வாசகன்

எல்லோருக்கும் நன்றி. விரல்ரேகைக் கருவி எங்களிடம் இல்லை. அந்த வேலைகளுக்கு மக்கள் அரசின் இணையச் சேவை மையமான அக்ஷயாவுக்குப் போய்விடுகிறார்கள். ஆகவே நான்கு கணினிகளை லினக்ஸுக்கு மாற்றி, இரண்டை மட்டும் ஷேர்டு பிசி முறையில் விண்டோஸாகவே வைத்துக்கொள்ளலாம் என்று குழுவிடம் சொல்லப்போகிறேன். எஸ்எஸ்டி வாங்கவும் ஒப்புக்கொள்வார்கள் என்று நினைக்கிறேன்.

குழுக் கூட்டத்தில் நிச்சயம் எழப்போகும் ஒரு கேள்வி இருக்கிறது. ஆள் மாறும்போதே எல்லாவற்றையும் அழித்துவிட்டால், நாளை யாராவது இங்கிருந்து தவறான காரியம் செய்து காவல்துறை வந்து கேட்டால் என்ன காட்டுவது? இணைய மையங்கள் ஓராண்டுப் பதிவு வைத்திருக்க வேண்டும் என்று சட்டம் இருப்பதாக உறுப்பினர் ஒருவர் சொன்னார்.

பெரியாற்றங்கரை

அவர் குறிப்பிடுவது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் கீழ் 2011-இல் வந்த இணைய மைய வழிகாட்டு விதிகளை. வருபவரின் அடையாளத்தைச் சரிபார்க்க வேண்டும், பெயரும் நேரமும் எழுதிய பதிவேட்டைக் குறைந்தது ஓராண்டு வைத்திருக்க வேண்டும், பார்த்த தளங்களின் வரலாற்றையும் ப்ராக்ஸி (இணையப் போக்குவரத்தை இடையில் நின்று கடத்தும் கணினி) பதிவுகளையும் அதே காலத்துக்குச் சேமிக்க வேண்டும், தடுப்புகள் நாலரை அடிக்கு மேல் உயரக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. சட்டம் இணைய மையம் என்று வரையறுப்பது, வழக்கமான தொழிலாகப் பொதுமக்களுக்கு இணையம் வழங்கும் இடத்தை. இலவச நூலகம் அதில் வருமா என்பதை ஒரு வழக்கறிஞரிடம் எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். எது எப்படியானாலும் பதிவேடு வைப்பது நல்லது.

கணினியை அழிப்பதும் பதிவை வைத்திருப்பதும் ஒன்றுக்கொன்று முரண் அல்ல, ஏனெனில் பதிவு அந்தக் கணினியில் இருக்க வேண்டிய அவசியமே இல்லை. உலாவி வரலாற்றைப் பயனரே அழித்துவிட முடியும் என்பதால், அது என்றுமே நம்பத்தக்க சான்றாக இருந்ததில்லை. ரூட்டரிலோ, மேசைக்கு அடியில் வைக்கும் ஒரு சிறிய ப்ராக்ஸி கணினியிலோ, எந்த எண் கணினி எந்த நேரத்தில் எந்தத் தளத்தோடு தொடர்புகொண்டது என்பது மட்டும் பதிவாகட்டும். ஆதார் படமும் கடவுச்சொல்லும் அதில் சேராது. அந்தப் பதிவைப் பார்க்கும் கடவுச்சொல் குழுவில் இருவரிடம் மட்டும் இருக்கட்டும். ஓராண்டு கடந்தவற்றை அழித்துவிடுங்கள். உங்கள் நோட்டுப் புத்தகத்தில் பெயர், கணினி எண், உட்கார்ந்த நேரம், எழுந்த நேரம் இருந்தால் இரண்டையும் பொருத்திப் பார்க்கலாம்.

பொருத்துவதற்குக் கணினியின் கடிகாரம் சரியாக இருக்க வேண்டும். பழைய கணினிகளில் மதர்போர்டில் இருக்கும் நாணயம் போன்ற சிறு பேட்டரி தீர்ந்துபோனால், இரவில் மின்சாரத்தை அணைத்து மறுநாள் போடும்போது தேதி பல ஆண்டுகள் பின்னுக்குப் போய்விடும். சான்றிதழின் காலம் பொருந்தாததால் வங்கித் தளமும் பிஎஸ்சி தளமும் பாதுகாப்பு எச்சரிக்கை காட்டித் திறக்க மறுக்கும். எல்லோரும் இணைப்பையோ வைரஸையோ குறை சொல்வார்கள். சில பலகைகளில் பயாஸ் அமைப்புகளும் அத்தோடு இயல்நிலைக்குத் திரும்பி, நீங்கள் தடுத்துவைத்த பென் டிரைவ் துவக்கமும் மறுபடி திறந்துகொள்ளும். எஸ்எஸ்டி மாற்றப் பெட்டியைத் திறக்கும்போதே சிஆர்2032 பேட்டரிகளையும் மாற்றிவிடுங்கள்.

மறையூர் டீச்சர்

ஒரு சேர்க்கை. அமைத்து முடித்தபின் க்ளோன்ஸில்லா என்ற வட்டுப் படியெடுக்கும் மென்பொருள் கொண்டு லினக்ஸ் கணினி ஒன்றையும் விண்டோஸ் கணினி ஒன்றையும் முழுப் படியெடுத்து வெளி வட்டில் வைத்துக்கொள்ளுங்கள். உறைநிலை பயனரின் மாற்றங்களைத்தான் திருப்பும். வட்டே பழுதானாலோ, மழைக்கால இடியில் கணினி போனாலோ இந்தப் படிதான் கைகொடுக்கும். படியை எஸ்எஸ்டிக்கு மாறிய பிறகே எடுங்கள். 500 ஜிபி வட்டில் எடுத்த படியை 240 ஜிபி எஸ்எஸ்டியில் க்ளோன்ஸில்லா இயல்பாகத் திருப்பி எழுதாது. எடுத்தவுடன் வேறொரு கணினியில் ஒருமுறை திருப்பி எழுதியும் பாருங்கள்.

பாறைக்கால் வாசகன்

புரிந்தது, டீச்சர். கடைசியாக ஒன்று: நகரி ஐயா சொன்னது போல மாணவர்களுக்கென்று திறந்துவைக்கும் பகுதியை எவ்வளவு காலத்துக்கு ஒருமுறை காலி செய்வது?

நகரி நெசவுத்தெரு

ஒவ்வொரு நாள் இரவும், ஐயா. மின்சாரம் போனாலும் அன்றைய வேலை தப்பிக்க வேண்டும் என்பதற்காகத்தான் அந்த இடம். யாரும் அதில் ஊர்க் கோப்புகளையெல்லாம் சேர்த்துவைக்கக் கூடாது. மூடும் நேரத்துக்கு அரை மணி முன்பு, பென் டிரைவில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று ஒருமுறை உரக்கச் சொல்லிவிடுங்கள். இரவு தானாக அழியும்படி ஒரு நேரக் கட்டளையும் போட்டுவிடுங்கள். நிரல்கள் இயங்கக் கூடாது என்ற விதி அந்தப் பகுதிக்கும் பொருந்துமாறு பாருங்கள். இல்லையென்றால் பிள்ளைகளின் விளையாட்டுகள் எல்லாம் அங்கேதான் குடியேறும்.